வாயிற்காவலும் சாளரமும்

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் காலை எட்டு மணி அளவில் நிற்பவரின் செவிகளில் மலையாளமும் தமிழும் ஒருங்கே வந்து விழும். ஒருபுறம் பழவங்காடிப் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைபடும் ஓசை. மறுபுறம் சாலைக் கடைத்தெருவில் மூட்டை இறக்குவோரின் குரல். இடையே நகரின் பல திசைகளுக்கும் புறப்படும் பேருந்துகளின் இரைச்சல். கோட்டை வாயிலுக்குள் நுழைந்தால், பத்மநாப சுவாமி கோயிலைச் சூழ்ந்த தெருக்களில், ஒரு சுவரை இரு வீடுகள் பகிர்ந்துகொள்ளும் நீண்ட வரிசை வீடுகளைக் காணலாம். அவற்றுள் பலவற்றில் இன்றும் தமிழே வீட்டு மொழி.

இந்நகரின் கல்லூரிகளுக்கும் தமிழருக்கும் உள்ள உறவு நேற்று ஏற்பட்டதன்று. மனோன்மணீயம் இயற்றிய பெ. சுந்தரம் பிள்ளை அவர்கள் இங்கிருந்த மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக விளங்கியவர். 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்த பின்னரும், நாஞ்சில் நாட்டிலிருந்து கல்விக்காகவும் பணிக்காகவும் இங்கு வருவோரின் வரவு நின்றுவிடவில்லை. விரிவுரையாளராக, நூலகராக, எழுத்தராக, ஆய்வுக்கூட உதவியாளராக, விடுதிச் சமையற்காரராக, துப்புரவுப் பணியாளராக, இந்நகரின் கல்லூரிகளில் உழைக்கும் தமிழர் பலர். அவர்களுள் சிலராகிய நாங்கள், கோவிட் பெருந்தொற்றுக் காலத்தில் கல்லூரிக்குத் திரும்பிய நாட்களில் கண்டதையும் கற்றதையும் இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம். மும்பையிலும் தில்லியிலும் பெங்களூரிலும் பிறருடன் ஓர் அறையில் அமர்ந்து வேலை செய்யும் தமிழன்பர்களுக்கும் இது பயன்படும் என்பது எங்கள் எண்ணம். அந்த நோய் இன்னும் முற்றிலும் அகன்றுவிடவில்லை; காற்றின் வழிப் பரவும் வேறொன்று வருதலும் கூடும் அன்றோ?

இந்தியாவில் முதல் கோவிட் நோயாளி 2020 ஜனவரி 30 அன்று கேரளத்தின் திருச்சூரில் கண்டறியப்பட்டார். சீனத்து வூகான் நகரில் மருத்துவம் பயின்று திரும்பிய மாணவி அவர். அதே ஆண்டு மார்ச் 10 அன்று கேரள அரசு கல்லூரிகளை மூட முடிவு செய்தது. இம்மாத இறுதிவரை என்றே அப்போது சொல்லப்பட்டது. மேசை இழுப்பறையில் பாதி எழுதிய குறிப்பேட்டையும், சன்னலோரத்தில் தண்ணீர்க் குடுவையையும் அப்படியே விட்டுவிட்டு வீடு சென்றோம். மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. ஜூலையில் திருவனந்தபுரம் நகருக்கே தனியாக மும்மடங்கு ஊரடங்கு விதிக்கப்பட்டது. கடலோரத்துப் பூந்துறையிலும் புல்லுவிளையிலும் சமூகப் பரவல் நிகழ்ந்துவிட்டதாக ஜூலை 17 அன்று முதலமைச்சர் அறிவித்தார். எந்நேரமும் ஆரவாரம் மிக்க கிழக்கேகோட்டை, பகலிலும் புறாக்களின் சிறகோசை கேட்கும் இடமாயிற்று.

கல்லூரிகள் மீண்டும் திறந்த நாள் 2021 ஜனவரி 4. ஏறத்தாழப் பத்துத் திங்கள் இடைவெளி. இறுதியாண்டு இளங்கலை மாணவரும் முதுகலை மாணவரும் மட்டும், அவர்களிலும் ஒரு நேரத்தில் பாதிப் பேர் மட்டும், வருவதற்கு இசைவு அளிக்கப்பட்டது. சனிக்கிழமையும் வேலைநாள் ஆயிற்று. அப்போது நாட்டில் அன்றாடம் மிகுதியான தொற்றுப் பதிவாகும் மாநிலங்களில் கேரளம் முன்னணியில் இருந்தது என்பதை மறத்தல் ஆகாது. தடுப்பூசித் திட்டமோ ஜனவரி 16 அன்றுதான் தொடங்கியது. அதுவும் முதற்கண் மருத்துவப் பணியாளருக்கே. ஆகவே, கையில் கேடயம் ஏதுமின்றித்தான் நாங்கள் வகுப்பறைக்குத் திரும்பினோம்.

வாயிலில் என்ன கண்டோம்? நெற்றிக்கு நேரே பிடித்து உடல் வெப்பத்தைக் காட்டும் கருவியுடன் ஒருவர் நின்றார். கைக்குத் தெளிக்கும் திரவம் இருந்தது. பெயரும் நேரமும் எழுதப் பதிவேடு இருந்தது. தரையில் வட்டங்கள் வரையப்பட்டிருந்தன. இவை அனைத்தையும் கடந்து உள்ளே சென்றபோது, நோயை வாயிலுக்கு வெளியே நிறுத்திவிட்டோம் என்ற நிம்மதி எங்களுக்கு ஏற்பட்டது. அந்த நிம்மதியில் எவ்வளவு உண்மை, எவ்வளவு மயக்கம் என்பதே இவ்வுரையின் பொருள்.

இந்நோயின் இயல்பு யாதென்றால், காய்ச்சலோ இருமலோ தோன்றுவதற்கு ஏறத்தாழ இரண்டு நாட்கள் முன்னரே, தொற்றுற்றவர் அதைப் பிறருக்குப் பரப்பத் தொடங்கிவிடுகிறார். சிலருக்குக் காய்ச்சல் தோன்றுவதே இல்லை. ஆகவே, பிறருக்குத் தொற்றைத் தரக்கூடிய ஒருவர், குளிர்ந்த நெற்றியுடன், புன்முறுவலுடன், வாயிற்காவலரைக் கடந்து செல்லுதல் எளிது. வெப்பமானி பொய் சொல்வதில்லை; ஆனால் நாம் கேட்கும் கேள்விக்கு விடை சொல்லும் ஆற்றல் அதற்கு இல்லை.

அப்படியானால் நோய் எவ்வழியாகச் செல்கிறது? தொடக்கத்தில் கைகழுவுதலே பெரிதும் வற்புறுத்தப்பட்டது. கேரளம் 2020 மார்ச்சில் 'சங்கிலியை முறிப்போம்' என்னும் பொருள்பட ஓர் இயக்கம் தொடங்கி, பேருந்து நிலையங்களிலும் சோப்பும் நீரும் வைத்தது. அது நல்ல பழக்கமே; வேறு பல நோய்களையும் தடுப்பது. எனினும், கோவிட் முதன்மையாகச் சென்ற வழி கை அன்று, மூச்சுக் காற்றே. நாம் பேசும்போதும் பாடும்போதும் இருமும்போதும் வெளிப்படும் நீர்த்துளிகளுள் பெரியவை ஓரிரு மீட்டர் தொலைவுக்குள் தரையில் விழுந்துவிடும். மிக நுண்ணியவையோ விழுவதில்லை. ஊதுவத்தியின் புகையைப் போல அறையெங்கும் மிதந்து நிற்கும். பூசை அறையில் ஏற்றிய ஊதுவத்தியின் மணம் கூடத்திற்கு வருவதற்கு யாரும் அதைக் கையால் தொட்டு எடுத்துவர வேண்டியதில்லை. சாளரம் மூடியிருந்தால் அம்மணம் நெடுநேரம் தங்கும். திறந்திருந்தால் விரைவில் அகலும். நோய்க்கிருமி தாங்கிய மூச்சின் நிலையும் இதுவே.

கேரளத்தில் கல்லூரிகளை மூட முடிவு செய்த அதே 2020 மார்ச் 10 அன்று, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காகிட் என்னும் வட்டாரத்தில், ஒரு பாடகர் குழுவினர் 61 பேர் ஒரு மண்டபத்தில் கூடினர். பயிற்சி இரண்டரை மணி நேரம் நடந்தது. அவர்களுள் ஒருவருக்குச் சளித் தொல்லை இருந்தது. சில நாட்களில், அவருடன் சேர்த்து 53 பேருக்கு நோய் கண்டது அல்லது கண்டிருக்கலாம் எனக் கணிக்கப்பட்டது. இருவர் உயிர் நீத்தனர். அந்த மண்டபத்தில் இருந்தோர் எல்லாம் ஒருவரை ஒருவர் தொட்டவர் அல்லர். ஆனால் எல்லாரும் ஒரே காற்றை உள்ளிழுத்தவர். உரத்த குரல் நுண்துளிகளை மிகுதியாக வெளியேற்றுகிறது. நாள்தோறும் ஐம்பது நிமிடம் குரலெடுத்துப் பேசுவதைத் தொழிலாகக் கொண்ட எங்களுக்கு இச்செய்தி பிறரைக் காட்டிலும் நெருக்கமானது.

காற்றின் வழிப் பரவுதலை உலக நலவாழ்வு நிறுவனம் தன் பொது விளக்கக் குறிப்பில் தெளிவாக ஏற்றுக்கொண்டது 2021 ஏப்ரல் இறுதியில்தான். அதற்குள் இங்கே இரண்டாவது அலை எழுந்துவிட்டது. ஆகவே, ஜனவரியில் வாயிலில் வெப்பமானியை வைத்தவரைக் குறை கூறுதல் எங்கள் நோக்கமன்று. அன்று அறிந்ததை அன்று செய்தார்கள். இன்று அறிந்ததை இன்று நாம் செய்கிறோமா என்பதே கேள்வி.

ஓர் அறையில் நாம் எவ்வளவு பிறர் மூச்சை உள்ளிழுக்கிறோம் என்பதை அளக்க ஒரு வழி உண்டு. திறந்த வெளிக் காற்றில் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 420 பங்கு கரியமிலவாயு இருக்கிறது. நாம் வெளிவிடும் மூச்சிலோ ஏறத்தாழ 40,000 பங்கு. வகுப்பறைக் காற்றில் 1,200 பங்கு இருப்பதாகக் கருவி காட்டினால், வெளிக்காற்றைவிட 780 பங்கு கூடுதல். 780ஐ 40,000ஆல் வகுத்தால் ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு. அதாவது, அவ்வறையில் நாம் இழுக்கும் ஐம்பது மூச்சுகளில் ஒரு மூச்சின் அளவு, முன்னரே வேறொருவர் நெஞ்சுக்குள் சென்று வந்த காற்று. ஒரு பாடவேளையில் நாம் பல நூறு முறை மூச்சு விடுகிறோம் என்பதை எண்ணிப் பார்த்தால் இக்கணக்கின் பொருள் விளங்கும்.

மாணவர்களைப் பாதியாகப் பிரித்ததன் நன்மை இங்கேதான் தெளிவாகிறது. இருவருக்கு இடையே இருக்கும் இடைவெளி கூடியது ஒரு நன்மை; அறைக் காற்றில் கலக்கும் மூச்சு பாதியாகக் குறைந்தது அதனினும் பெரிய நன்மை. எதிரெதிர்ச் சுவர்களில் சாளரங்களைத் திறந்துவைத்தால், ஒன்றின் வழி நுழையும் காற்று மற்றொன்றின் வழி வெளியேறும். ஒரே பக்கத்துச் சாளரம் அந்த அளவு உதவுவதில்லை. கூரையில் சுழலும் மின்விசிறி புதுக் காற்றைக் கொணர்வதில்லை; இருக்கும் காற்றையே கலக்குகிறது. சாளரம் திறந்திருந்தால் விசிறி நண்பன். மூடியிருந்தால் அது பழங்காற்றைப் பங்கிட்டுக் கொடுக்கும் பரிமாறுபவன். அறைக்குள் பொருத்தும் சாதாரணக் குளிர்சாதனக் கருவியும் உள்ளிருக்கும் காற்றையே மீண்டும் மீண்டும் குளிர்விப்பது. அந்நாட்களில், பெருமைக்குரியவையாகக் கருதப்பட்ட குளிரூட்டிய கருத்தரங்க அறைகளைவிட, உயர்ந்த கூரையும் பெரிய சாளரங்களும் கொண்ட பழைய வகுப்பறைகளே எங்களுக்குப் பாதுகாப்பாயின.

மற்றோர் உண்மையும் சொல்லத்தக்கது. வகுப்பறையில் முகக்கவசம் அணிந்து எச்சரிக்கையாக இருந்த நாங்கள், நண்பகலில் ஆசிரியர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, முகக்கவசத்தைக் கழற்றி வைத்து, ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து உணவருந்தினோம். ஒருவர் கொண்டுவந்த புளிக்குழம்பை மற்றொருவர் சுவைத்துப் பாராட்டினோம். பத்து மாதப் பிரிவுக்குப் பின் கூடியவர்களுக்குப் பேச எவ்வளவோ இருந்தது. அன்றைய நாளில் மிகுந்த இடர் நிறைந்த அரைமணி நேரம் அதுவே. மாணவரைக் கண்டு அஞ்சிய நாங்கள் நண்பரைக் கண்டு அஞ்சவில்லை. அன்புக்கும் கிருமிக்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்பதைப் பிறகே உணர்ந்து, உணவுப் பாத்திரங்களுடன் மாமரத்தடிக்குச் சென்றோம்.

இனி, எங்கள் மனத்தை விட்டு அகலாத ஒன்றைக் கூற வேண்டும். எங்களுள் ஒருவர் பணிபுரிந்த கல்லூரி அலுவலகத்தில், கட்டணம் பெறும் இடத்தில், ஒரு தற்காலிக எழுத்தர் இருந்தார். நாஞ்சில் நாட்டவர், கிழக்கேகோட்டைக்கு அருகே ஒரு வரிசை வீட்டில் முதிய தாயாருடன் வாழ்ந்தவர். நாட்கூலிக் கணக்கில் அவருக்கு ஊதியம். அவரைக் காக்கும் நல்லெண்ணத்துடன், அவருக்கு முன்னே கூரைவரை கண்ணாடித் தடுப்பு ஒன்று அமைக்கப்பட்டது. நேரே தெறிக்கும் துளிகளை அது தடுத்திருக்கும். ஆனால் பின்னால் இருந்த ஒரே சாளரமோ கோப்பு அலமாரியால் மறைக்கப்பட்டிருந்தது. காற்று வரவும் வழியில்லை, செல்லவும் வழியில்லை. அந்தச் சிறிய கூண்டுக்குள் அவரும் மற்றொருவரும் நாள் முழுவதும் அமர்ந்திருந்தனர்.

2021 ஏப்ரலில் அவருக்கு உடல்நலம் குன்றியது. காய்ச்சல் மாத்திரை ஒன்றை விழுங்கிவிட்டு இரண்டு நாட்கள் அவர் பணிக்கு வந்தார். வெப்பமானி அவரை உள்ளே அனுப்பியது. ஏன் வந்தீர் என்று பின்னர் கேட்டபோது, "வராவிட்டால் அன்றைய கூலி இல்லை, அம்மாவுக்கு மருந்து வாங்க வேண்டும்" என்றார். மூன்றாம் நாள் எழ முடியவில்லை. அவர் பிழைத்துக்கொண்டார். தாயார் மே மாதம் மறைந்தார். அப்போது மாநிலம் முழுவதும் மீண்டும் ஊரடங்கு; ஒரே நாளில் 43,000 பேருக்கு மேல் தொற்று உறுதியான காலம். எல்லைக்கு அப்பாலிருந்த பிள்ளைகளில் ஒருவரே வந்து சேர முடிந்தது.

அவருக்குத் தொற்று கண்ணாடிக் கூண்டில் வந்ததா, பேருந்தில் வந்ததா, கடைத்தெருவில் வந்ததா என்று எவராலும் உறுதி கூற இயலாது. ஆனால், அவர் காய்ச்சலுடன் வந்ததற்குக் காரணம் அறியாமை அன்று, வறுமை என்பதை உறுதியாகக் கூறலாம். அவர் வீட்டைப் பற்றியும் ஒரு சொல். வரிசை வீடுகளின் பக்கச் சுவர்களில் சாளரம் வைக்க இயலாது. தெருவாயில், நடுமுற்றம், கொல்லைவாயில் ஆகிய மூன்றின் வழியேதான் காற்று ஓட வேண்டும். முன்னோர் முற்றத்தை வானுக்குத் திறந்து வைத்ததன் காரணங்களுள் இதுவும் ஒன்று. வாடகைக்குப் பிரித்த வீடுகளில் அம்முற்றம் தகரத்தால் மூடப்பட்டு அறையாக மாறிவிடுகிறது. முதியவர் படுத்திருந்தது அத்தகைய அறையில்தான்.

2021 அக்டோபர் 4 அன்று இறுதியாண்டு மாணவருக்காகக் கல்லூரிகள் மீண்டும் திறந்தன. எல்லா மாணவரும் 18ஆம் நாள் வருவதாக இருந்தது. பெருமழை காரணமாக 25ஆம் நாளுக்குத் தள்ளி வைக்கப்பட்டது. இம்முறை எங்கள் நிலை வேறு. எங்களுள் பெரும்பாலோர் தடுப்பூசி பெற்றிருந்தோம். 2022 ஜனவரியில் ஒமைக்ரான் வகை பரவி, ஒரே நாளில் 55,000 பேருக்கு மேல் தொற்றுப் பதிவாகி, திருவனந்தபுரத்தில் இறுதிப் பருவம் நீங்கலாகப் பிற வகுப்புகள் மீண்டும் நிறுத்தப்பட்டன. ஆயினும் பிப்ரவரி 7 அன்றே கல்லூரிகள் திறந்தன. முந்தைய ஆண்டினும் மிகுதியான தொற்று இருந்தும், அந்த ஆண்டு கண்ட அளவு துயரம் நேரவில்லை. தடுப்பூசி தொற்றை முற்றிலும் தடுக்கவில்லை. ஆனால் நோயின் கடுமையைக் குறைத்தது. அதன் பயனுக்கு இதனினும் எளிய சான்று வேண்டுவதில்லை.

வெளிமாநிலத்தில் வாழ்வோரின் தனித் துன்பம் ஒன்றும் இக்காலத்தில் தெரிந்தது. நாகர்கோவில் இங்கிருந்து சுமார் 70 கிலோமீட்டர். சாதாரண நாளில் இரண்டு மணிப் பயணம். பெருந்தொற்றில் இரு மாநிலங்களுக்கும் இடையே பேருந்துகள் நின்றன. கேரளப் பேருந்தில் எல்லைவரை சென்று, களியக்காவிளையில் நடந்து கடந்து, அப்பால் தமிழ்நாட்டுப் பேருந்தில் ஏறினோம். 2021 ஆகஸ்டு 5 முதல், கேரளத்திலிருந்து தமிழ்நாட்டுக்குச் செல்வோர் பரிசோதனைச் சான்றோ இரு தவணைத் தடுப்பூசிச் சான்றோ காட்ட வேண்டியிருந்தது. சுமார் இருபது மாதங்களுக்குப் பின், 2021 டிசம்பர் 1 அன்றுதான் பேருந்துகள் நேரே ஓடின. கல்லூரி திறந்துவிட்டது என்று அறிவிப்பது எளிது. அங்கே பணிபுரிபவனின் பேருந்தும், அவன் பெற்றோரின் ஊரும், அவன் பிள்ளையின் பள்ளியும் திறவாதவரை அவன் பாதிதான் திரும்பியிருக்கிறான். கேரளத்தில் பள்ளிகள் திறந்தது 2021 நவம்பர் 1 அன்று என்பதையும் நினைவிற் கொள்ளுதல் தகும்.

உலக நலவாழ்வு நிறுவனம் 2023 மே 5 அன்று, கோவிட் குறித்த உலகளாவிய அவசர நிலை முடிந்ததாக அறிவித்தது. வாயிலில் இருந்த வெப்பமானியும் பதிவேடும் அகன்றுவிட்டன. தரையில் வரைந்த வட்டங்களும் தேய்ந்துவிட்டன. அவை அகன்றதில் வருத்தமில்லை. ஆனால் அவற்றோடு சேர்ந்து, நாம் கற்ற பாடமும் அகன்றுவிடுமோ என்பதே எங்கள் கவலை.

அன்பர்களே, நீங்கள் பணிபுரியும் அறையைக் குறித்து மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். இவ்வறைக்குப் புதுக் காற்று எவ்வழியாக வருகிறது, எவ்வழியாகச் செல்கிறது? ஒரு மணி நேரத்தில் ஐந்து முறையேனும் அறைக் காற்று முழுவதற்கும் நிகரான தூய காற்று வந்து சேர்தல் நன்று என்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2023இல் அறிவுறுத்தியது. இரண்டாவதாக, இக்கட்டிடத்தில் காற்றோட்டம் மிகக் குறைந்த மூலையில் அமர்ந்திருப்பவர் யார்? பெரும்பாலும் அவர் ஊதியத்திலும் குறைந்தவராகவே இருப்பார். மூன்றாவதாக, காய்ச்சல் வந்தால் அவர் கூலி இழக்காமல் வீட்டில் தங்க முடியுமா? இம்மூன்றாம் கேள்விக்கு விடை 'முடியாது' என்றால், வாயிலில் எத்தனை காவல் வைத்தும் பயனில்லை. காவலரைக் கடந்து நோய் உள்ளே வரும். அதை அழைத்து வருவது அந்த மனிதரின் குற்றமன்று, நமது ஏற்பாட்டின் குற்றம்.

நம் முன்னோர் சாளரத்திற்குக் 'காலதர்' என்று ஒரு பெயர் வைத்தனர். சிலப்பதிகாரத்திலும் அச்சொல் உண்டு. கால் என்றால் காற்று. அதர் என்றால் வழி. வெளிச்சத்திற்கோ வேடிக்கை பார்ப்பதற்கோ அன்றி, காற்றுக்கு வழி என்றே அதற்குப் பெயர் சூட்டிய மக்கள் நாம். அந்தக் கல்லூரி அலுவலகத்தில் கோப்பு அலமாரி இப்போது வேறு சுவருக்கு நகர்த்தப்பட்டிருக்கிறது. அதை நகர்த்த இருவருக்கு அரைமணி நேரமே பிடித்தது. அவ்வெழுத்தர் இன்றும் அங்கேயே பணிபுரிகிறார். காலையில் வந்ததும் அவர் செய்யும் முதல் வேலை, தம் முதுகுப்புறத்துச் சாளரத்தைத் திறந்து வைப்பது.